தமுக்கடிக்காத ஏலம்

பென்னாகரத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் பச்சியப்பன் பதினெட்டு வருஷமாகத் தலையாரி. சர்க்கார் அறிவிப்பு எதுவானாலும் தமுக்கடித்துச் சொல்வது அவன் வேலை. மனைவி செத்துப்போய், ஒரே மகளைப் பொம்மிடியில் கட்டிக்கொடுத்த பிறகு, அந்த வேலைதான் அவனுக்குத் துணையாக இருந்தது.

1936இல் மழை பொய்த்தது. பெரியண்ணன் என்கிற குடியானவன் நிலத்தீர்வை கட்டவில்லை. அவன் நிலத்தை ஏலம் போட வந்த ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வெங்கடாசலம், பச்சியப்பனைச் சாவடிக்குக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார்.

"தமுக்கடிச்சாச்சுன்னு கைநாட்டு வெய்யிடா."

"இன்னும் அடிக்கலீங்களே, சாமி."

"வெய்யின்னா வெய்யி."

வைத்தான். ஊரில் ஒருவருக்கும் தெரியாமல் ஏலம் முடிந்தது. காரிமங்கலத்திலிருந்து யாரோ ஏர் பூட்டிக்கொண்டு வந்து நின்ற அன்றுதான் பெரியண்ணனுக்கு நிலம் போனது தெரிந்தது. படுத்தவன் எழுந்திருக்கவில்லை. தை பிறக்குமுன் போய்விட்டான்.

அவன் மனைவி குள்ளம்மாள் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டாள். ஏலம் எடுத்தவன் இன்ஸ்பெக்டரின் மச்சினன் என்று அவளுடைய வக்கீல் கண்டுபிடித்தார். தான் நடத்தும் ஏலத்தில் சர்க்கார் உத்தியோகஸ்தன் தன் ஆளை வைத்து எடுப்பது விதிக்கு விரோதம். ஆனால் ஏலமே திருட்டுத்தனமாக நடந்தது என்று சொல்ல ஒரு வாய் வேண்டியிருந்தது.

குள்ளம்மாள் பச்சியப்பன் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணா, தெனமும் உங்க வூட்டு வழியாத்தான் தண்ணிக்குப் போறேன். தமுக்குச் சத்தம் என் காதுல விழலியே. நான் செவிடான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

விசாரணை நாளில் பச்சியப்பன் கோர்ட்டுக்குப் போய், தமுக்கடிக்கவே இல்லை என்று சாட்சி சொன்னான்.

"அப்படியானால் பொய்யாகக் கைநாட்டு வைத்தாயா?" என்று எதிர்க்கட்சி வக்கீல் அதட்டினார்.

"ஆமாங்க."

"அதற்கு என்ன தண்டனை தெரியுமா?"

"வேல போயிருங்க."

ஏலம் செல்லாது என்று தீர்ப்பானது. இன்ஸ்பெக்டரைச் சஸ்பெண்டு செய்தார்கள். பொய் அறிக்கை கொடுத்ததற்காகப் பச்சியப்பனையும் வேலையிலிருந்து நீக்கினார்கள். தலையாரிக்கு அடையாளமான பித்தளை வில்லையைக் கழற்றி ஊர் மணியக்காரர் முன் வைத்தபோது அவர் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. மேலதிகாரியைக் காட்டிக்கொடுத்தவன் என்று சாவடியில் பேச்சு. பொய்க் கைநாட்டுக்காரன் என்று ஊருக்குள் பேச்சு. சந்தையில் அவன் போய் நின்றால் பக்கத்தில் நிற்பவன் நகர்ந்துகொண்டான். மகளைத் தேடிப் பொம்மிடிக்குப் போனான். மருமகன் இரண்டு நாள் பொறுத்துவிட்டு, ரயில் எத்தனை மணிக்கு என்று விசாரித்தான். பச்சியப்பன் திரும்பி வந்துவிட்டான்.

அறுப்பு முடிந்து ஒரு சாயங்காலம் குள்ளம்மாள் ஒரு முறம் கேழ்வரகு கொண்டுவந்தாள்.

"உக்காரு, தங்கச்சி."

அவள் உட்காரவில்லை.

"நெலம் வந்துருச்சுங்க. அன்னிக்கே ஒரு வார்த்த எங்க காதுல போட்டிருந்தீங்கன்னா, அவரும் இருந்திருப்பாரு."

குரலில் கோபம் இல்லை. முறத்தைத் தட்டிக் காலி செய்து எடுத்துக்கொண்டு போனாள்.

பச்சியப்பன் கேழ்வரகைக் கூட்டிப் பானையில் அள்ளினான். அந்த வாரம் முழுக்க அவனோடு பேசியது அவள் ஒருத்திதான்.