வாலாட்டுகிற நாய்க்கு எதற்கு மருந்து

சொக்கி நடுங்கிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்துச் சின்னக்கண்ணுவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

குரைத்தாலாவது, முனகினாலாவது ஒரு வழியிருக்கும். நாய் வாயையே திறக்கவில்லை. முதுகை வளைத்து, தலையைச் சுவரில் முட்டுக்கொடுத்து, உட்காரவும் மாட்டாமல் படுக்கவும் மாட்டாமல் நின்றது. கூப்பிட்டால் திரும்பவில்லை. பெண்டாட்டி தனக்கொடி காலாப்பட்டில் ஹாஸ்டல் சமையல் வேலைக்குப் போயிருந்தாள். பஸ் பிடித்து உப்பளத்தில் வீடு வந்து சேரப் பொழுது சாயும். அதற்குள் இது செத்துகித்து வைத்தால்? பிள்ளைகள் கட்டிக்கொண்டு போன பிறகு அவள் வாய்விட்டுப் பேசுவதே இந்த நாயிடம்தான். ஐயோ, அவள் முகத்தில் எப்படி விழிப்பது!

முந்தின நாள்தான் ஆபரேஷன். இனிமேல் குட்டி போடாமலிருக்க, வயிற்றைக் கிழிக்காமல் சின்னச் சின்னத் துளை போட்டு, கேமரா விட்டுச் செய்கிற முறை. வீட்டு வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கும்போதே சொக்கி வாலை ஆட்டியது. வயிற்றைப் பார்த்தார். காயம் கொசு கடித்த அளவுக்குத்தான் இருந்தது.

காலையில் கிளம்பும்போது தனக்கொடி படித்துப் படித்துச் சொன்னாள். "சோத்துல இந்த வலி மருந்த கலந்து குடுத்துடுங்க. மறந்துடாதீங்க."

மறக்கவெல்லாம் இல்லை. காலையிலும் சொக்கி வாலை ஆட்டியது. வாலாட்டுகிற நாய்க்கு எதற்கு மருந்து, வீணாகக் குடல் வெந்துபோகும் என்று பெரிய மனுஷர் தானே டாக்டராகிவிட்டார். மருந்து பாட்டில் திறக்காமலே அலமாரியில் இருந்தது.

போனை எடுத்தார். "டாக்டரம்மா, உள்ள ஏதோ அறுந்துபோச்சி போலருக்கு. நாய் நடுங்குது!"

"பதறாதீங்கண்ணா. உதட்டத் தூக்கி ஈறு என்ன கலருன்னு பாருங்க. வெளுத்திருந்தா உள்ள ரத்தம் கசியலாம். உடனே தூக்கியாந்துடணும்."

தூக்கினார். சொக்கிக்கு ஈறு முழுக்கக் கறுப்பு. இதில் வெளுப்பு எங்கே தெரியப்போகிறது!

"கறுப்பா கீதுங்களே!"

"அப்ப கண்ணுக்குக் கீழ் எமைய மெதுவா இழுத்துப் பாருங்க."

பார்க்காமலே இருந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. வெள்ளையாக இருந்துவிட்டால் கொன்றது தான்தான். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார்.

"செவப்பா கீது டாக்டரம்மா! நல்லா செவப்பா கீது!"

"நல்லது. காலையில மருந்து குடுத்தீங்களா?"

அலமாரியில் திறக்காமல் இருந்த பாட்டிலைத் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணா?"

"குடுக்கல."

"நேத்து நாங்க போட்ட ஊசி இந்நேரம் தீந்துபோயிருக்கும். அது வலியிலதான் அப்படி நிக்கிது. கொஞ்சம் சோத்தோட மருந்தக் குடுங்க. சாப்பிடலன்னாலோ, துவண்டு விழுந்தாலோ உடனே கொண்டாங்க. எதுக்கும் சாயந்தரம் ஒருவாட்டி காட்டிடுங்க."

உருட்டி உருட்டி ஊட்டினார். நாலு வாய் தின்றது. அப்புறமும் வெகுநேரம் நின்றுகொண்டே இருந்தது. அவர் அதன் மூச்சையே பார்த்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார். கதவைத் திறந்துகொண்டு தனக்கொடி உள்ளே வந்தாள். வளைந்த முதுகு வளைந்தபடியே இருக்க, அவளைக் கண்டதும் சொக்கி வாலை ஆட்டியது.

அப்படியானால் வலியிலும் வாலாட்டுமா இது!

"மருந்து குடுக்கல தனம். டாக்டரம்மா சொன்ன பெறகுதான் குடுத்தேன். காலையில வாலாட்டுச்சி, வலி இல்லன்னு நெனச்சிட்டேன்."

நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப்போகிறோம் என்று காத்திருந்தார். அவள் பையைக் கீழே வைத்துவிட்டு நாயின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போன வருஷம் எனக்குக் கர்ப்பப்பை எடுத்தாங்களே, இதே மாதிரி ஓட்டை போட்டு. வீட்டுக்கு வந்த மறுநாளே மீன்கொழம்பு வச்சேனே, ஞாபகம் கீதா?"

"கீது."

"அன்னிக்கி எனக்கும் இப்படித்தான் இருந்துச்சி."

"ஏன் தனம் சொல்லல?"

"சின்ன ஓட்டைதானன்னு வர்றவங்க போறவங்க கிட்டல்லாம் நீங்க சொல்லிக்கினு இருந்தீங்க. அதுக்கு மேல நான் என்னத்த சொல்றது?"

சொக்கி மெல்ல மெல்ல முன்னங்காலை மடக்கி அவள் மடியில் தலையைச் சாய்த்தது.

"இப்பவும் வலிக்குதா?" என்று கேட்டார் சின்னக்கண்ணு. கேட்டுவிட்டு, அவள் என்ன சொல்லப்போகிறாளோ என்று பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.