மீனுக்கு வைத்த சோறு

"மீனைப் பாக்க கேமராவா?" என்று சிரித்தார் உலு திராம் ஊரில் கேமரா கடை வைத்திருந்த திருச்செல்வம். திருடனுக்குப் பயந்து கேமரா வாங்குவார்கள், வேலைக்காரிக்குப் பயந்து வாங்குவார்கள். மீனுக்காக வாங்க வந்த முதல் ஆள் குணாளன்தான். ஆனால் சிரித்த வாயை அவர் உடனே மூடிக்கொண்டார். குணாளனின் ஒரே மகன் லோகேந்திரன் எல்லைக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது லோரியில் அடிபட்டுச் செத்தது அந்த வட்டாரத்தில் யாருக்குத் தெரியாது? அந்த மீன் அவன் வளர்த்தது.

நெற்றி புடைத்த ஃபிளவர்ஹார்ன் மீன். விரல் நீளத்தில் வாங்கி வந்து, உள்ளங்கையை விடப் பெரிதாக ஆக்கியிருந்தான் பயல். கண்ணாடியில் விரலை வைத்தால் நாய்க்குட்டி மாதிரி ஓடி வரும். இப்போது மூலையில் சுருண்டு கிடந்தது. குணாளன் ஃபில்டரை மாற்றினார், பம்பை மாற்றினார், வாளி வாளியாகத் தண்ணீரை இறைத்து ஊற்றினார். மறுநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் தொட்டி மறுபடி கழனித்தண்ணீர். மனைவி யோகேஸ்வரியைக் கேட்டால், "எனக்கென்னங்க தெரியும், காலையில நல்லாத்தான் இருந்துச்சு" என்பாள். பகலில் அந்தத் தொட்டியில் என்ன எழவுதான் நடக்கிறது? அது தெரியாவிட்டால் மகன் விட்டுப்போன அந்த ஓர் உயிரும் போய்விடும்.

"இது சுத்துறது அண்ணே. போன்லேருந்தே தலைய திருப்பலாம். ஆனா மீன் தொட்டிக்கு எதுக்கு? அது எங்க ஓடப் போவுது? அசையாதத எடுங்க, படம் கிளியரா இருக்கும். கண்ணாடிக்கு நேரா மட்டும் வைக்காதீங்க, லைட்டு பளிச்சுனு அடிக்கும். சைடுல வைங்க" என்றார் திருச்செல்வம்.

"சத்தம் கேக்குமா?"

"மீனா பேசப் போவுது?"

"பம்பு நின்னா தெரியணும் லா."

"அப்ப இத எடுங்க. இதுல நீங்களும் பேசலாம். போன்ல ஒரு பட்டன அமுக்கிக்கிட்டே பேசினா வீட்டுல கேக்கும்."

குணாளன் அதையே எடுத்தார். பேசுவதற்கு அவருக்கு என்ன இருந்தது? மகன் போனபிறகு புருஷனும் பெண்டாட்டியும் 'சாப்பாடு கட்டியாச்சு', 'சமையல் கேஸ் முடிஞ்சிருச்சு' என்பதைத் தாண்டிப் பேசிக்கொண்டதே இல்லை. ஒருவர் வாயைத் திறந்தால் மற்றவர் உடைந்துபோவாரோ என்று இருவருக்கும் பயம். அந்தப் பயத்திலேயே வீடு ஊமையாகிவிட்டது.

தொட்டிக்குப் பக்கவாட்டில், அலமாரி மேல் கேமராவை வைத்தார். "தண்ணி ஏன் கலங்குதுன்னு பாக்கத்தான்" என்றார். யோகேஸ்வரி தலையை ஆட்டினாள். அவர் வேலைக்குப் போகும் சிங்கப்பூர் கிடங்கில் போனை லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் வேலை செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். சாப்பாட்டு நேரத்தில் எடுத்துப் பார்ப்பார் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் கேண்டீனில், சாப்பாட்டு டப்பாவைத் திறக்குமுன் போனைத் திறந்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கருமாதி முடிந்ததிலிருந்து யோகேஸ்வரி மகன் பேரைச் சொல்லி தினமும் காக்கைக்குச் சோறு வைத்தாள். காக்கை எடுத்தால் அவன் சாப்பிட்ட மாதிரி. அதற்குப் பிறகுதான் அவள் சாப்பிடுவாள். ஐந்தாம் மாடியில், கம்பி அடித்த வராந்தாவில் எந்தக் காக்கை வரும்? வைத்த சோறு கீழ்வீட்டு மாக்சிக், அந்த மலாய்க்கார அம்மாள், காயப்போட்ட துணியில்தான் விழுந்தது. அந்த அம்மாள் சண்டை போடவில்லை, பாவம், தயங்கித் தயங்கித்தான் வந்து சொன்னாள். அன்றோடு யோகேஸ்வரி நிறுத்திவிட்டாள் என்றுதான் குணாளன் நினைத்திருந்தார்.

எங்கே நிறுத்தினாள்? போனில் தெரிந்தாள். தலைக்குக் குளித்து, ஈரக்கூந்தலோடு, கையில் தட்டு. சோற்றில் நெத்திலிச் சம்பலைப் பிசைந்து, உருட்டி, தொட்டிக்குள் போட்டாள்.

"வாய்யா. அம்மா வச்சிருக்கேன், வாய்யா."

காக்கையைக் கூப்பிட்ட அதே குரல். மீன் மெல்ல வந்து, கவ்வி, பாதியைத் துப்பி, மறுபடி கவ்வியது. சம்பல் எண்ணெய் தண்ணீரில் படர்ந்தது. அது விழுங்கும்வரை நின்றாள். பிறகு தொட்டிக்குக் கீழே தரையில் உட்கார்ந்து தனக்குப் பிசைந்துகொண்டாள். எவ்வளவு பசியோ, அள்ளி அள்ளிச் சாப்பிட்டாள்.

"அடிப்பாவி" என்று முதலில் கோபம்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானமானால் எதையாவது வாங்கச் சொல்லித் தன்னைக் கடைக்குத் துரத்துவது ஏன் என்றும் அப்போதுதான் புரிந்தது. கோபம் நிற்கவில்லை. கண் கலங்கிவிட்டது.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? சோறு போடாதே என்று சொல்லிவிடுவேன் என்பீர்கள். சுலபமாகச் சொல்லலாம். சொன்னால் மீன் பிழைக்கும், அவள் சாப்பிடமாட்டாள். சொல்லாவிட்டால் அவள் சாப்பிடுவாள், மீன் போய்விடும். குணாளன் சொல்லவில்லை. தினமும் வேலை முடிந்து வந்து, பேசாமல் வாளியை எடுத்துத் தண்ணீரை மாற்றினார். "கண்டுபுடிச்சீங்களா அண்ணே?" என்று கேட்ட திருச்செல்வத்திடம், "பம்புதான்" என்று சொல்லிவிட்டார்.

வாளித் தண்ணீரில் எத்தனை நாளைக்குத்தான் ஓட்ட முடியும்?

ஒரு மத்தியானம் மீன் ஃபில்டர் ஓரத்தில் ஒருக்களித்துக் கிடந்தது. யோகேஸ்வரி உருண்டையைப் போட்டாள், கூப்பிட்டாள். கண்ணாடியைத் தட்டிக் கூப்பிட்டாள். சோறு கரைந்து அடியில் இறங்கியது. அவள் தரையில் உட்கார்ந்து, தன் தட்டைத் தள்ளி வைத்தாள். கேண்டீனில் குணாளனின் டப்பாவும் திறக்காமல் இருந்தது. பட்டனை அமுக்கினார்.

"யோகம்."

அவள் திடுக்கிடவில்லை. அலமாரி பக்கம் திரும்பினாள்.

"மீனு வரமாட்டேங்குதுங்க."

"பாத்தேன்மா."

"தெனமும் பாத்தீங்களா?"

"ம்."

"சோத்தாலதானே செத்துச்சு?"

அவர் பட்டனிலிருந்து விரலை எடுத்துவிட்டார். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

"ஏங்க ஒரு வார்த்த சொல்லல?"

"சொன்னா நீ சாப்பிடமாட்டியே."

யோகேஸ்வரி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அழுதாள். மகனை எடுத்துக்கொண்டு போன நாளுக்குப் பிறகு, அவர் கேட்க அழுதது இப்போதுதான். அவரும் மேசையில் தலை கவிழ்ந்து அழுதார். பக்கத்து மேசைக்காரர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

"இனிமே யாருக்குங்க வைக்கிறது?" என்றாள் அவள், அழுகை ஓய்ந்து.

குணாளன் டப்பாவைத் திறந்தார். சோறு, நெத்திலிச் சம்பல்.

"எனக்கு வச்சிருக்கியே. நான் மொதல்ல சாப்பிடுறேன். அப்புறம் நீ சாப்பிடு."

அந்தக் கேமராவில் அவள் முகம் இவருக்குத் தெரியும், இவர் முகம் அவளுக்குத் தெரியாது. அதனால் பட்டனை விடாமல் அமுக்கியபடி, போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவளுக்குக் கேட்கும்படி மென்றார். விழுங்கிவிட்டு அடுத்த வாய் எடுத்தார். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கை தட்டை இழுத்துக்கொள்ளும்வரை அவர் மென்றுகொண்டே இருந்தார்.