உடைசல் கொட்டகை

பெல்ட்டில் பிஸ்கட்டுகள் வந்துகொண்டே இருந்தன. அடுப்பின் வாயிலிருந்து வெளியேறி, வரிசையாகச் சுழலும் மின்விசிறிகளுக்குக் கீழே ஊர்ந்து, பெண்கள் நிற்கும் இடத்துக்கு வரும்போது தொட்டால் இளஞ்சூடாக இருக்கும். இந்தப் பக்கம் பத்துப் பேர், அந்தப் பக்கம் பத்துப் பேர். அள்ளி, பன்னிரண்டு எண்ணி, பிளாஸ்டிக் தட்டில் அடுக்கித் தள்ள வேண்டும். மற்றவர்கள் எண்ணினார்கள். மின்னல் எண்ணுவதில்லை. கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் ஒரு பிடி பிடித்தால் அது பன்னிரண்டுதான். ஒன்று கூடாது, ஒன்று குறையாது.

மின்னல் என்று பெயர் வைத்தவள் பெல்ட்டுக்கு எதிர்ப்பக்கம் நிற்கும் வாயாடி. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, "யக்கா, உன் கை போறது கண்ணுக்கே தெரியல. வானத்துல வெட்டுனாப்புல இருக்கு" என்றாள். அன்றிலிருந்து சூப்பர்வைசர்கூட அவளைச் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாயாடிக்கு அந்தப் பெயரை யாரும் வைக்க வேண்டியிருக்கவில்லை. அடுப்பின் இரைச்சலையும் மீறி அவள் பேச்சு கடைசி ஆள் வரைக்கும் கேட்கும். பதினோரு வருஷம் இருவரும் மத்தியானச் சாப்பாட்டை ஒன்றாகவே பிரித்துச் சாப்பிட்டார்கள். யார் டப்பாவில் என்ன இருக்கிறது என்பது திறந்த பிறகு இருவருக்கும் பொதுவாகிவிடும்.

முதல் புள்ளியைப் பார்த்தவளும் வாயாடிதான். மின்னலின் வலது ஆள்காட்டி விரல் கணுவில் கடுகளவு வெள்ளை. சர்க்கரைத் தூள் என்று நினைத்து வாயால் ஊதினாள். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தாள். அப்போதும் போகவில்லை. "சர்க்கரை ஒட்டிக்கிச்சுக்கா. இனிமே உன் விரலைச் சப்பினாலே போதும், டீக்குச் சீனி வேணாம்" என்று சிரித்தாள். மின்னலும் சிரித்தாள்.

ஒரு வருஷத்தில் அது இரண்டு கைகளிலும் பரவியது. மணிக்கட்டுக்குக் கீழே, கறுத்த தோலில் பால் கொட்டிக் காய்ந்ததுபோல் ஆனது. வலி இல்லை, அரிப்பு இல்லை. பிடி மாறவில்லை, பன்னிரண்டு பன்னிரண்டாகவே வந்தது. ஆனால் பெல்ட்டில் அவளுக்கு வலப்பக்கம் நின்றவள் ஒரு நாள் அரையடி தள்ளி நின்றாள். இடப்பக்கத்துக்காரி தண்ணீர்க் குவளையைத் தனியாகக் கொண்டுவர ஆரம்பித்தாள். மின்னல் இதையெல்லாம் பார்த்தும் பாராததுபோல் இருந்தாள். பார்த்துவிட்டதாகக் காட்டிக்கொண்டால் அப்புறம் அதைப்பற்றிப் பேச வேண்டியிருக்கும்.

சரக்கு வாங்கும் கம்பெனியிலிருந்து மூன்று பேர் வந்த அன்றுதான் விஷயம் வெளிப்படையாக ஆனது. வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு பெல்ட் ஓரமாக நடந்து வந்தவர்கள் மின்னலுக்கு முன்னால் நின்றார்கள். அவள் வேகத்தைத்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்து அவள் இன்னும் வேகமாக அடுக்கினாள். அவர்களில் ஒரு பெண் மேனேஜரின் காதில் ஏதோ சொன்னாள். மேனேஜர் தலையாட்டினார். நகர்ந்துவிட்டார்கள்.

மறுநாள் காலையில் சூப்பர்வைசர் அவளை அலுவலக அறைக்கு வெளியே நிறுத்திப் பேசினான். அவளைவிடப் பத்து வயது சின்னவன். முகத்தைப் பார்க்காமல் கையிலிருந்த பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. ஒரு டாக்டர் சர்ட்டிபிகேட் கொண்டாந்துடுங்க. ஒட்டாதுன்னு எழுதி வாங்கிட்டு வந்தா போதும்."

"வாங்கிட்டு வந்தா பெல்ட்டுல நிக்கலாமா தம்பி?"

"அதுக்குத்தானே கேக்கறோம்."

அரசு ஆஸ்பத்திரியில் தோல் பிரிவுக்கு முன்னால் பெஞ்சில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மா நல்லவள். அவள் கைகளைத் தன் கைகளில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வேற்று ஆள் ஒருவர் தன் கையைத் தொட்டு எவ்வளவு நாளாயிற்று என்று மின்னலுக்கு அப்போதுதான் உறைத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"இது நோயே இல்லம்மா. தோல்ல நிறம் போயிடுது, அவ்வளவுதான். தொட்டா ஒட்டாது, கூடச் சாப்பிட்டா ஒட்டாது, படுத்தா ஒட்டாது."

"அப்படியே எழுதிக் குடுத்துருவீங்களாம்மா? படுத்தாங்கறதை மட்டும் விட்டுடுங்க."

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தாள். மின்னல் அந்தக் காகிதத்தை மடிக்காமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் நின்றபடியே வந்தாள்.

மேனேஜர் அதை இரண்டு முறை படித்தார். கோப்பில் வைத்தார். "எனக்குத் தெரியும்மா. படிச்சவங்க எல்லாருக்கும் தெரியும். ஆனா நாம திங்கற பொருள் பண்றோம். பார்க்கறவங்க கண்ணு வேற மாதிரி இருக்கு. நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

"கையுறை போட்டுக்கறேன் சார். நானே வாங்கிக்கறேன்."

"இருபது பேர்ல ஒருத்தி மட்டும் கையுறை போட்டா, ஏன் போட்டிருக்கான்னு கேப்பாங்களே."

"எல்லாருக்கும் குடுத்தா?"

மேனேஜர் கோப்பை மூடினார். மணியை அடித்துச் சூப்பர்வைசரைக் கூப்பிட்டார்.

அவளை உடைசல் கொட்டகைக்கு மாற்றினார்கள். தொழிற்சாலையின் பின்புறம், எரிபொருள் தொட்டிக்கு அடுத்தாற்போல் தகரக் கூரை போட்ட இடம். உடைந்தது, கருகியது, நசுங்கியது எல்லாம் மூட்டை மூட்டையாக அங்கே வந்து விழும். உறையைக் கிழித்துப் பிஸ்கட்டைக் கோழித் தீவனத்துக்காரனின் சாக்கிலும், உறையைக் குப்பைச் சாக்கிலும் போட வேண்டும். வேகம் வேண்டியதில்லை. எண்ண வேண்டியதில்லை. யாரும் பார்க்கப்போவதும் இல்லை. முதல் நாள் அவள் கை தானாகவே உடைந்த துண்டுகளில் பன்னிரண்டைத் தேடிப் பிடித்தது.

வாரக் கடைசியில் கணவன் வந்தான். கொத்தனார், வெளியூர்க் கட்டட வேலைக்குப் போய் ஆறு நாள் அங்கேயே தங்குபவன். விஷயத்தைக் கேட்டதும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"பதினெட்டு வருஷமா உன் கையாலதான் திங்கறேன். எனக்கு என்ன வந்துச்சாம்? கொம்பு முளைச்சுதா?"

"அதை அங்க வந்து சொல்லுங்க."

அவன் நின்றான். சுவரில் தொங்கிய சட்டையைப் பார்த்தான். பிறகு மெல்ல உட்கார்ந்து, தள்ளிய தட்டைத் திரும்ப இழுத்துக்கொண்டான். "சொல்லலாம். சொன்னா இருக்கறதையும் பிடுங்கிட்டா என்ன பண்றது" என்றான் சோற்றைப் பார்த்து. இன்னும் கொஞ்சம் போடச் சொல்லித் தட்டை நீட்டினான். பசித்துக் கேட்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். போட்டாள்.

மத்தியான மணி அடித்தால் மின்னல் முன்கட்டடத்தின் சாப்பாட்டு அறைக்குப் போவாள். முதல் சில நாள் வாயாடி பக்கத்தில் இடம் இருந்தது. பிறகு அந்த இடத்தில் ஒரு பை இருந்தது. பிறகு ஒரு ஆள். வாயாடி தலையைக் குனிந்து வேகவேகமாகச் சாப்பிட்டாள். ஊர்க் கதையெல்லாம் பேசுகிறவள் அந்த அரை மணி நேரம் வாயே திறக்கவில்லை. மின்னல் அதன்பிறகு கொட்டகையிலேயே சாப்பிட்டாள். தகரம் கொதித்தது. டப்பாவில் எப்போதும்போல இரண்டு பேருக்குக் காணும் காயை எடுத்து வந்து, பாதியைத் திருப்பிக் கொண்டுபோனாள். அளவைக் குறைக்க அவளுக்கு மூன்று வாரம் ஆயிற்று.

ஒருநாள் சாயங்காலம் வாயாடியே கொட்டகைக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"யக்கா, வேற யாராவது சொல்லி நீ தெரிஞ்சுக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். உனக்குத் தனிக் குழாயும் தனிக் கழிப்பறையும் வேணும்னு எழுதிக் குடுத்திருக்காங்க."

"யாரு?"

"எல்லாரும்."

மின்னல் கையிலிருந்த உறையைக் கிழித்தாள். துண்டுகள் சாக்குக்குள் சலசலவென்று விழுந்தன.

"நீ கையெழுத்துப் போட்டியா?"

"என் மாமியாரு வீட்டுக்குள்ள விடமாட்டேங்குதுக்கா. உன்கூட நிக்கறேன்னு எவளோ போய்ச் சொல்லிருக்கா. கைப்புள்ளையைத் தூக்கவிடல. சத்தியமா எனக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத் தெரியும் அது ஒட்டாதுன்னு."

"போட்டியாடி?"

"போட்டேன்." வாயாடியின் குரல் உடைந்தது. "நாலாவதா."

முதலாவதாகப் போடவில்லை என்பதைத்தான் ஒரு ஆறுதலாகக் கொண்டுவந்திருக்கிறாள் என்று மின்னலுக்குப் புரிந்தது. திட்ட வேண்டும்போல் இருந்தது. நாக்கு வரை வந்தது. எதிரே நிற்கிறவளின் முகம் அடித்து வைத்ததுபோல் வீங்கியிருந்தது. "போடி, பஸ் போயிடும்" என்றாள்.

வாயாடி ஓரடி உள்ளே வைத்தாள். பிறகு திரும்பி யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தாள். அப்படியே போய்விட்டாள்.

இரண்டு மாதம் கழித்துப் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. மூன்று நாளில் முடித்து அனுப்பியாக வேண்டும். மின்னல் நின்ற இடத்தில் ஒருவருக்கு இருவரைப் போட்டும் பெல்ட்டின் முனையில் பிஸ்கட்டுகள் குவிந்து தரையில் கொட்டின. சூப்பர்வைசர் கொட்டகைக்கு ஓடி வந்தான்.

"அக்கா, மூணே நாள். வெளியாள் யாரும் வரமாட்டாங்க. இந்தாங்க கையுறை. ஆர்டரை முடிச்சுட்டா எல்லாருக்கும் கம்பெனியில பரிசு இருக்கு. உங்களுக்கும்தான்."

வரமாட்டேன் என்று சொல்ல எத்தனையோ இருந்தது. ஆனால் அவள் ஏற்கெனவே எழுந்து முந்தானையிலிருந்த துகளை உதறிக்கொண்டிருந்தாள்.

கையுறைக்குள் விரல்கள் குருடாகிவிட்டன. முதல் நாள் காலை முழுவதும் பிடியில் பத்து வந்தது, பதினான்கு வந்தது. மத்தியானத்துக்குமேல் ரப்பருக்குள் வியர்வை ஊறி, விரல்நுனி மெல்ல வழி கண்டுபிடித்தது. பிறகு கை போவது கண்ணுக்குத் தெரியவில்லை. எதிரே வாயாடி ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். உடனே தன் தட்டின் மேல் குனிந்துகொண்டாள். பக்கத்தில் நின்றவர்கள் தங்கள் தட்டுகளை அவளை நோக்கித் தள்ளினார்கள். அவள் தன் பங்கையும் அடுக்கினாள், அவர்கள் பங்கையும் அடுக்கினாள். "மின்னலு, இங்க கொஞ்சம்" என்று யாரோ கூப்பிட்டார்கள். அவள் நிமிராமலே அந்தத் தட்டையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மூன்று மணிக்குக் கடைசிப் பெட்டி லாரியில் ஏறியது. எல்லாரும் கைதட்டினார்கள். மேனேஜர் வந்து ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்தார். மின்னலின் பொட்டலத்தைப் பெல்ட்டின் மேல் வைத்தார், அவள் எடுத்துக்கொண்டாள். வாங்கும் கம்பெனிக்கு அனுப்ப ஒரு படம் வேண்டும் என்றார். பெண்கள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அடுக்கிய பெட்டிகளுக்கு முன்னால் ஓடி வந்து நின்றார்கள். மின்னலும் ஓரமாகப் போய் நின்றாள். சூப்பர்வைசர் வரிசையைப் பார்த்தான், மேனேஜரைப் பார்த்தான். பிறகு தன் போனை நீட்டினான்.

"நான் இந்தப் பக்கம் நிக்கணுமே. அக்கா, நீங்க எடுத்துடறீங்களா?"

அவள் வரிசையிலிருந்து வெளியே வந்தாள். எதிரே போய் நின்று போனை உயர்த்தினாள். கையுறை விரலுக்குத் திரை அசையவில்லை. வலது கையுறையைப் பல்லால் பிடித்துக் கழற்றினாள். இருபத்தொரு பெண்களும் இரண்டு ஆண்களும் அவளை நேராகப் பார்த்துச் சிரித்தார்கள். வாயாடியும் சிரித்தாள். மாதக்கணக்கில் ஒருவர்கூட அப்படி அவள் பக்கம் முகம் திருப்பியதில்லை. அவள் அழுத்தினாள்.

சூப்பர்வைசர் ஓடி வந்து, எட்ட நின்று திரையைக் குனிந்து பார்த்தான். படத்தின் மூலையில் வெள்ளையாக ஏதோ மங்கலாக விழுந்திருந்தது.

"விரல் வந்துடுச்சுக்கா. அதை அழிச்சுட்டு இன்னொண்ணு எடுங்க."

அவன் திரும்பி ஓடி வரிசையில் நின்றான். எல்லாரும் மறுபடியும் சிரித்தார்கள். அவள் அந்தப் படத்தை அழித்தாள். விரலை மடக்கி உள்ளங்கைக்குள் ஒளித்துக்கொண்டு, போனை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள்.