மலையும் சமவெளியும்

கொஞ்சம் தடுமாறட்டும். விழ வேண்டாம், அடிபடவும் வேண்டாம். கால் லேசாக ஒருமுறை பிசகி, கை காற்றில் துழாவி, கண் என்னைத் தேடினால் போதும்.

முன்னாள் படைவீரர்களுக்கான பயிற்சிக் கூடத்தில், சுவரோரம் போட்டிருந்த நாற்காலியில் குளிர்கோட்டைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்து டொலோரஸ் இப்படி நினைத்துக்கொண்டிருந்தபோது, அவள் கணவர் ரோமன் ட்ரெட்மில்லில் நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தார். தடுமாறுகிற வழியாகத் தெரியவில்லை. பயிற்சியாளன் மார்க்கஸ் நடுவில் நின்று "மலை!" என்று குரல் கொடுத்தான். வரிசையாக நின்ற இயந்திரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் உறுமின. பழைய படைவீரர்களின் கழுத்து நரம்புகள் புடைத்தன. சிறிது நேரம் அப்படி உயிரைக் கொடுத்து நடக்க வேண்டும். பிறகு "சமவெளி" என்பான், மூச்சு அடங்கும்வரை மெதுவாக நடக்கலாம். மறுபடியும் மலை. விட்டுவிட்டு இப்படி வேகமாக நடந்தால் வயதான உடம்பு தளர்ச்சியிலிருந்து மீளும் என்று மருத்துவர் சொன்னபோது டொலோரஸ் உள்ளுக்குள் சிரித்திருந்தாள். தேவாலயப் படியில் விழுந்த பிறகு ரோமன் வீட்டு வாசலில் இருக்கிற தபால்பெட்டி வரைகூடப் போனதில்லை. அவள் கெஞ்சியிருக்கிறாள், திட்டியிருக்கிறாள், அவருக்குப் பிடித்த ஆப்பிள் கேக்கைக் காட்டி ஆசை காட்டியிருக்கிறாள். அசையவே இல்லை.

"என்னய்யா கடற்படை, மூச்சு வாங்குதா?" பக்கத்து இயந்திரத்திலிருந்து வெர்னா கேட்டாள். போரில் தாதியாக இருந்தவள், கேப்டனாக ஓய்வு பெற்றவள். வெள்ளை முடியை ஆண்பிள்ளை போல ஒட்ட வெட்டியிருந்தாள்.

"உங்க தரைப்படையில நடக்க மட்டும்தானே சொல்லிக்குடுத்தாங்க, கேப்டன். நாங்க கப்பல்ல போனவங்க."

"அதான் தரையில தள்ளாடுற. முழங்கையை மடக்கு. மடக்குய்யா!"

ரோமன் மடக்கினார். சொன்ன உடனே மடக்கினார். டொலோரஸ் தன் கைப்பையின் வாரை விரலில் சுற்றி இறுக்கினாள்.

வெர்னா அழகி அல்ல. அவரைவிடவும் ஒரு வயது மூத்தவள். அந்தப் பொறாமையாக இருந்திருந்தால் டொலோரஸ் சமாளித்திருப்பாள். கன்னத்தில் கொஞ்சம் வண்ணம் பூசிக்கொண்டு, நல்ல ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்திருப்பாள். இது வேறு. குளிர்காலத் தொடக்கத்தில் ஒருநாள் இதே நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தபோது, சமவெளி நடையில், மூச்சு இரைக்க, ரோமன் வெர்னாவிடம் கப்பலின் இயந்திர அறையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வெக்கையைப் பற்றி. நீராவிக் குழாய் வெடித்ததைப் பற்றி. பக்கத்தில் நின்ற நண்பன் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதைப் பற்றி. வெர்னா "ம்" என்று மட்டும் கேட்டுக்கொண்டு கூடவே நடந்தாள். டொலோரஸுக்கு அந்த நண்பனின் பெயரே அப்போதுதான் தெரியும். இத்தனை வருடமாக ஒரே கட்டிலில், அவர் தூக்கத்தில் உதறி எழும்போதெல்லாம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவள் அவள். "ஒண்ணுமில்ல டாலி, தூங்கு" என்பதுதான் அவளுக்குக் கிடைத்த பதில். அந்தக் கதை, சத்தம் போடும் இயந்திரத்தின் மேல் நின்றபடி இன்னொருத்தியிடம் அவ்வளவு சுலபமாக வெளியே வந்துவிட்டது.

பிறகு எல்லாம் வேகமாக மாறியது. சட்டைப் பொத்தானை அவரே போட்டுக்கொண்டார். ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தவளிடம், "விடு, நான் பாத்துக்கிறேன்" என்றார். வண்டியை அவரே ஓட்டிக்கொண்டு பயிற்சிக்குப் போக ஆரம்பித்தார். தவக்கால வெள்ளியன்று தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் மீன் வறுவல் விருந்துக்குப் போனபோது, தன் தட்டையும் வெர்னாவின் தட்டையும் இரண்டு கையில் ஏந்தி, கூட்டத்துக்குள் புகுந்து போனார். ஊரே வியந்தது. "ரோமன், பத்து வயசு குறைஞ்சிட்ட போ!" டொலோரஸ் தன் தட்டைத் தானே தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தாள். வலது முழங்கால் அன்றைக்கு ஒவ்வொரு அடிக்கும் குத்தியது. அதற்கு முன்பும் குத்தியிருக்க வேண்டும். அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டே நடந்த காலத்தில் அது தெரியவில்லை. தான்தான் அவரைத் தாங்குகிறோம் என்று நினைத்திருந்தாள்.

அவர் வீட்டில் இல்லாத வேளைகளில் அவள் நிலவறைக் கதவுக்குப் பின்னால் மடக்கி வைத்திருந்த, விழுந்த பிறகு அவர் ஊன்றி நடந்த பழைய வாக்கரை வெளியே எடுத்தாள். முதலில் சமையலறையிலிருந்து குளியலறை வரை மட்டும். அவளுக்கு அது உயரமாக இருந்தது, கால்களின் பொத்தானை அமுக்கிக் கீழே இறக்கிக்கொண்டாள். வண்டிச் சத்தம் கேட்டதும் மறுபடி கதவுக்குப் பின்னால் வைத்துவிடுவாள். ஒருநாள் அடுப்பருகே நின்று, யாரும் இல்லாத வீட்டில், "மலை" என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். நாலு எட்டு வைப்பதற்குள் முழங்கால் மடங்கிவிட்டது. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு வலியைவிட அவமானமே அதிகமாக இருந்தது. தானும் பயிற்சியில் சேரலாமா என்று ஏற்கெனவே ஒருமுறை மார்க்கஸிடம் விளையாட்டாகக் கேட்டிருந்தாள். "உங்களுக்கும் நல்லதுதான் மேடம். ஆனா இங்க படையில இருந்தவங்களுக்கு மட்டும்தான்" என்றிருந்தான், நிஜமான வருத்தத்தோடு.

இன்று ரோமனுக்குப் பயிற்சியின் கடைசி நாள். அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பயிற்சி முடித்தவர் முதல்நாள் ஊன்றி வந்ததை, அவரை அழைத்துவந்தவர் தன் கையால் புதிதாகச் சேர்கிறவருக்குக் கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் வாக்கர் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றது. தரையைக் கீறாமல் இருக்க அவள் டென்னிஸ் பந்துகளைக் கத்தியால் பிளந்து அதன் கால்களில் மாட்டியிருந்தாள். முன்கம்பியில் அவள் தைத்த துணிப்பை தொங்கியது.

"கடைசி மலை!" என்றான் மார்க்கஸ். எல்லோரும் கை தட்டினார்கள். ரோமன் வியர்வை வழிய ஏறி முடித்து இறங்கினார். வெர்னா அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

புதியவர் வாசலருகே நின்றிருந்தார், வற்றிப்போன உயரமான மனிதர். மனைவி அவர் முழங்கையைப் பின்னாலிருந்து பிடித்திருந்தாள். பிடித்தது வெளியே தெரியாமல், ஆனால் முழு பாரத்தையும் வாங்கிக்கொண்டு. அந்தப் பிடி டொலோரஸுக்குத் தெரியும். அவர் மனைவி மேல் சாய்ந்திருந்தார். டொலோரஸின் கண் அந்தக் கையிலேயே நின்றது. வெர்னாவைப் பார்த்தபோதுகூட நெஞ்சு இப்படிக் காந்தவில்லை.

"வாங்க மேடம், நீங்கதான் குடுக்கணும்." மார்க்கஸ் வாக்கரைத் தூக்கி அவள் முன்னால் வைத்தான். பிறகு குனிந்து பார்த்தான். "இது என்ன, இவ்வளவு தாழ்வா இருக்கு? ரோமன் சார், உங்க இடுப்புக்குக்கூட எட்டாதே."

ரோமன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். வாக்கரின் கால்களைப் பார்த்தார். பிறகு, வெகுநாள் கழித்து, அவள் கால்களைப் பார்த்தார்.

"டாலி?"

அவள் எழுந்தாள். எழும்போது இரண்டு கைகளும் தாமாகவே கைப்பிடிகளில் போய் அமர்ந்தன.

"எல்லாரும் காத்திருக்காங்க. குடுத்துடு" என்றார். குரல் பாதியில் இறங்கிவிட்டது.

"உள்ள இன்னும் நிறைய வாக்கர் இருக்குல்ல, மார்க்கஸ்?"

"இருக்கு மேடம். ஆனா வழக்கம்…"

"அவருக்கு அதுல ஒண்ணு குடுங்க. நல்லதா, உயரமா." அவள் புதியவரின் மனைவியைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். "இது குடுக்கிறதுக்கு இல்லப்பா."

ரோமன் முழங்கையை நீட்டினார். அவள் கைப்பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை. பச்சைப் பந்துகள் மெழுகிட்ட தரையில் சத்தமே இல்லாமல் வழுக்கின. கதவு வரைக்கும் அவர் பக்கத்தில் வந்தார், நீட்டிய முழங்கையை மடக்க மறந்து, அவளுடைய வேகத்துக்குத் தன் நடையைக் குறைத்துக் குறைத்து.