நாற்பதாவது இடம்

நவம்பர் 17, திங்கள். இன்று ஒரு சின்னத் தவறு கண்ணில் பட்டது. என்னுடையதுதான். போன மாதமே ஜப்பானுக்கு ஆடப் போய்விட்ட ஒருவரை நம் பட்டியலில் இன்னும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். பட்டியல் நிறைந்துவிட்டது என்று கூட்டத்தில் வேறு சொல்லியிருக்கிறேன். நிறையவில்லை. ஓர் இடம் காலி.

நாட்குறிப்பில் இதை எழுதி முடித்த கையோடு நாடின் புரோகாப் இதே விஷயத்தைப் பொது மேலாளருக்கும் மின்னஞ்சலில் எழுதினாள். 'மன்னிக்கவும்' என்ற சொல் அதில் மூன்று இடங்களில் வந்திருந்தது. இரண்டை எடுத்தாள். அனுப்பும் முன் ஒன்றைத் திரும்பச் சேர்த்தாள். பிறகு பையை மாட்டிக்கொண்டு மாலைக் கல்லூரியின் புள்ளியியல் வகுப்புக்கு ஓடினாள்.

லேக்போர்ட் ஸ்டர்ஜன்ஸ் பேஸ்பால் அணியின் அலுவலகத்தில் அவளுக்கு இது இரண்டாவது குளிர்காலம். போன பருவத்தில் அணி எண்பத்தொரு ஆட்டங்களில் வென்று எண்பத்தொரு ஆட்டங்களில் தோற்றிருந்தது. அதாவது கோடிக்கணக்கில் கொட்டி, ஒரு கோடை முழுக்க வியர்த்து, நாணயத்தைச் சுண்டிவிட்டிருந்தால் கிடைத்திருக்கும் முடிவைப் பெற்றிருந்தார்கள்.

இப்படி நட்டநடுவில் மாட்டிக்கொண்ட அணிக்கு நேர்மையான வழிகள் இரண்டுதான். வயதானவர்களை விற்று, பையன்களை வளர்த்து, சில வருடம் அடி வாங்கி, அணியை அடியிலிருந்து திரும்பக் கட்டலாம். இல்லையென்றால் பையைத் திறந்து நல்ல ஆட்டக்காரர்களை வாங்கி இந்த வருடமே மோதலாம். பொது மேலாளர் பிரெஸ்டன் லைல் மூன்றாவதாக ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். இரண்டையும் செய்வதாகச் சொல்வது. 'வென்றுகொண்டே கட்டுவோம்' என்று அலுவலகச் சுவரில் எழுதியிருந்தது. காப்பிக் கோப்பையில் எழுதியிருந்தது. கழிப்பறைக்குப் போகும் வழியிலும் எழுதியிருந்தது, பக்கத்தில் ஓர் அம்புக்குறியோடு.

மறுநாள் செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்குக் கெடு. அதற்குள் ஒவ்வொரு அணியும் தன் நாற்பது பேர் பட்டியலைக் கொடுத்துவிட வேண்டும். பட்டியலில் இருப்பவனை யாரும் தொட முடியாது. முதன்மை அணிக்குக் கீழே பையன்களை வளர்க்கும் கிளை அணிகளில் சில வருடம் ஆடிமுடித்தும் பட்டியலில் ஏறாத பையனை, டிசம்பரில் நடக்கும் தேர்வில் வேறு எந்த அணியும் தூக்கிக்கொண்டு போகலாம். தூக்கியவர்கள் அவனை வருடம் முழுக்க முதன்மை அணியிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

காலையிலேயே எலியேசர் பாட்டிஸ்டா அழைத்துவிட்டான். டொமினிக்கன் குடியரசுக்காரன், இடது கையால் பந்தெறிபவன், பதினாறு வயதில் இந்த அணி கூட்டிவந்து வளர்த்த பையன். கிளை அணிப் பையன்களுக்கு வீடு பார்த்துக் கொடுப்பதும் நாடினின் வேலை என்பதால் அவளைத்தான் அழைப்பான்.

"நாடினா, அந்த வீட்டுக்காரம்மா பதில் கேக்கறாங்க. எடுக்கவா, விடவா?"

"சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்கோ எலி."

"எட்டு வருஷமா பொறுத்துக்கிட்டுத்தானே இருக்கேன். பொண்டாட்டி பெட்டி கட்டலாமான்னு கேக்கறா. பட்டியல்ல ஏறிட்டா கட்டுன்னு சொல்லிடுவேன். ஏறலைன்னா திரும்பவும் பஸ்ஸு, திரும்பவும் அந்தக் காஞ்ச ரொட்டி. உனக்கு என்ன தோணுது?"

நாடினுக்கு என்ன தோன்றியது என்று அவளுக்கே நிச்சயமில்லை. "ஓர் இடம் காலியா இருக்கு" என்று மட்டும் சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாதோ என்று மதியம் வரை நினைத்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் இரண்டு மணிக்குத் தொடங்கியது. பிரெஸ்டன் மேசையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முப்பத்தாறு வயது, இஸ்திரி கலையாத சட்டை. எதிரே தலைமைத் தேர்வாளர் மெல் ஆஸ்டர்ஹவுட் டோனட் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டிருந்தார். முப்பது வருடமாக ஊர் ஊராகப் போய்ப் பையன்களைப் பார்ப்பவர். அவர் பேச்சில் பாதி தவறாகிவிடும், மீதியைக் கேட்க யாரும் இருக்க மாட்டார்கள். சுவரில் இருந்த திரையில் ஆலோசகர் பிரைஸ் ஹாலோவே தெரிந்தார், கடற்கரை வீடொன்றிலிருந்து.

"நாடின், உன் தவறைப் பத்திக் கவலைப்படாதே. இது தவறு இல்லை, வாய்ப்பு" என்றார் பிரெஸ்டன். அவருக்கு எல்லாமே வாய்ப்புதான். போன ஆகஸ்டில் தொடர்ந்து ஒன்பது ஆட்டம் தோற்றதும் வாய்ப்பாகத்தான் இருந்தது.

"எலியேசரப் போடு, கதைய முடி" என்றார் மெல். "எடது கை. நாம வளத்த பையன். வேற என்ன வேணும், போப்பாண்டவர் கையெழுத்தா?"

"அவனைப் போட்டா இளைஞர்களை வெச்சுக் கட்டறோம்னு அர்த்தமாயிடும் மெல். அணியோட முதலாளியம்மாவுக்கு என்ன பதில் சொல்றது? சீசன் டிக்கெட் வாங்கறவங்க எல்லாரும் கர்ட் திரும்ப வருவாரான்னுதான் கேக்கறாங்க."

கர்ட் வாண்டர்மோலன் முப்பத்தேழு வயது ஆட்டக்காரர். ஊரில் பாதிக் குழந்தைகள் அவர் பெயர் போட்ட சட்டைதான் போட்டிருக்கும். அவருடைய ஒப்பந்தம் அக்டோபரோடு முடிந்திருந்தது.

"சரி, அப்ப கர்ட்டக் கூப்ட்டுக் கையெழுத்து வாங்கு. முட்டி ரெண்டும் போச்சு, ஆனா பல்லு நல்லா இருக்கு. விளம்பரத்துல சிரிப்பான்."

"கர்ட்டை எடுத்தா பழசைப் பிடிச்சுத் தொங்கறோம்னு எழுதுவாங்க."

மெல் விரலில் ஒட்டிய சர்க்கரையைத் தட்டினார். "தம்பி, ஒண்ணு வீட்ல சமைக்கணும், இல்ல கடையில வாங்கணும். நீ ஃபிரிட்ஜைத் தொறந்து வெச்சுக்கிட்டே நிக்கற. உள்ள இருக்கறது எல்லாம் கெட்டுப்போகுது."

பிரெஸ்டன் சிரித்தார். தன்னைப் பற்றிய கேலிக்குச் சிரிக்க வேண்டும் என்று ஏதோ பயிற்சி முகாமில் கற்றிருந்தார். பிறகு நாடின் பக்கம் திரும்பினார். "எலியேசரைப் போடாம விட்டா யாராவது எடுப்பாங்களா? உன் கணக்கு என்ன சொல்லுது?"

ஒரு வாரமாகப் போட்ட கணக்கு அவள் முன்னால் இருந்தது. "எழுபது சதவீதம் எடுப்பாங்க."

"அப்ப முப்பது சதவீதம் எடுக்க மாட்டாங்க."

"ஆமா. ஆனா..."

"அந்த எழுபது உறுதியா?"

"உறுதின்னு சொல்ல முடியாது. கணக்குல பிழை இருக்கலாம். நேத்துகூட நான்..." அவள் நிறுத்திக்கொண்டாள். மெல் கூரையைப் பார்த்தார்.

"யாரும் எடுக்க மாட்டாங்க. நூறு சதவீதம்" என்றது திரை.

பிரைஸ் ஹாலோவே எதிலும் நூறுக்குக் கீழே இறங்கியதில்லை. இதுவரை அவர் சொன்ன நூறுகளில் எத்தனை பலித்தன என்று யாரும் கேட்டதும் இல்லை. அறையில் எல்லோருடைய தோளும் லேசாகத் தளர்ந்ததை நாடின் பார்த்தாள். மழையில் நனைந்தவர்களுக்குக் கூரை கிடைத்ததுபோல் இருந்தது.

"அதோட இன்னொண்ணு" என்றார் பிரைஸ். "அந்த இடத்தை இப்ப நிரப்பாதீங்க. டிசம்பர்த் தேர்வுல வேற அணியோட பையனை எடுக்கணும்னா பட்டியல்ல ஓர் இடம் காலியா இருந்தாகணும். டானர் குவிக்னு ஒருத்தனை அவங்க அணி பட்டியல்ல போடாம வெளியே விடப்போகுது. மணிக்கு நூறு மைல் எறியறான்."

"எந்தப் பக்கம் எறியறான்?" என்றார் மெல்.

பிரெஸ்டனின் முகம் மலர்ந்தது. பையனையும் தேர்ந்தெடுக்க வேண்டாம், கிழவரையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். "நெகிழ்வு" என்றார், பிரார்த்தனை முடிவில் ஆமென் சொல்வதுபோல. "நெகிழ்வை வெச்சுக்கறோம்."

ஆக, ஊரான் வீட்டுப் பையனைத் தூக்கிவர இடம் வேண்டும் என்பதற்காகத் தங்கள் வீட்டுப் பையனை வாசலில் நிறுத்தினார்கள். மற்ற அணிகள் யாரை வெளியே விடும் என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். மற்ற அறைகளிலும் இதேபோல ஆட்கள் உட்கார்ந்து தங்கள் பட்டியலைப் பார்ப்பார்கள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நாடினுக்குத் தோன்றியது. வாய் திறக்கவில்லை. ஆறு மணிக்கு முப்பத்தொன்பது பெயர்களை அவள்தான் அனுப்பினாள்.

பிறகு எலியேசரை அழைத்தாள்.

"போடலை, எலி."

அவன் பக்கம் ஒரு மோட்டார் சைக்கிள் கடந்துபோகும் சத்தம் கேட்டது. "என் எடத்துல யாரு?"

"யாரும் இல்லை. காலியா வெச்சிருக்காங்க."

"காலியாவா?" என்றான். "காலி எடம் என்னைவிட நல்லா எறியுமா நாடினா?"

பெட்டி கட்ட வேண்டாம் என்று மனைவியிடம் அவன் சொல்வது தொலைபேசியிலேயே கேட்டது.

நவம்பர் கடைசியில் வரும் நன்றி தெரிவிக்கும் விடுமுறைக்கு மறுநாள் கர்ட் வாண்டர்மோலன் போட்டி அணி ஒன்றில் கையெழுத்திட்டார். லேக்போர்ட் தன்னை அழைக்கவே இல்லை என்று செய்தியாளர்களிடம் சொன்னார். பிரெஸ்டன் அதையும் நெகிழ்வில் வரவு வைத்துக்கொண்டார்.

டிசம்பர் பத்தாம் தேதி, தேர்வு நாள். பிரெஸ்டன் அணிகளின் மாநாடு நடக்கும் தெற்கத்தி நகரத்து ஓட்டலுக்குப் போயிருந்தார். லேக்போர்ட்டில் ஏரியிலிருந்து பனிக்காற்று சன்னலில் மோதிக்கொண்டிருந்தது. நாடினும் மெல்லும் தேர்வு நடப்பதைக் கேட்க ஒலிபெருக்கி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் பிரைஸ், பின்னால் கடல். அதிகம் தோற்ற அணி முதலில் எடுக்கும். சரிபாதி தோற்ற லேக்போர்ட்டுக்கு வழக்கம்போல வரிசையின் நடுவில்தான் இடம்.

மூன்றாவதாகப் பேசியது ஃபோர்ட் ஹெய்ல் அணி. "லேக்போர்ட் கிளை அணியிலிருந்து, பந்தெறிபவர், எலியேசர் பாட்டிஸ்டா."

மெல் திரையைப் பார்த்து நாற்காலியைத் திருப்பினார். "என்ன ஆலோசகரே, நூறு என்ன ஆச்சு?"

"இது என் கணக்கு மாதிரிக்கு வெளியே நடந்த விஷயம்" என்றார் பிரைஸ், கொஞ்சமும் கலங்காமல்.

"ஆமாம்ப்பா, ஆட்டம் எல்லாம் வெளியேதான் நடக்குது. உனக்கு யாரும் சொல்லலையா?"

அணிகள் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தன. டானர் குவிக்கின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. லேக்போர்ட்டின் முறை வந்தது. பிரெஸ்டன் தொண்டையைச் செருமிக்கொண்டு அந்தப் பெயரை வாசித்தார். வாசித்துவிட்டு ஒரு கணம் நிறுத்தினார். யாராவது பொறாமைப்படுவார்கள் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ, அடுத்த அணி தன் பெயரைச் சொல்லத் தொடங்கிவிட்டது.

"முன்னாடி இருந்த அத்தனை பேரும் முகர்ந்து பாத்துட்டு வெச்சதை வாங்கியிருக்கோம்" என்றார் மெல். தொப்பியை எடுத்துக்கொண்டு சாப்பிடக் கிளம்பினார்.

எலியேசர் மதியம் அழைத்தான். சிரித்துக்கொண்டே அழுதான். "பெட்டி கட்டிட்டா! வருஷம் முழுக்க முதன்மை அணியில வெச்சே ஆகணுமாம் என்னை. பிரெஸ்டன் சாருக்கு நன்றி சொல்லு. பட்டியல்ல போட்டிருந்தாக்கூட மறுபடியும் கிளை அணிக்குத்தானே அனுப்பியிருப்பாரு?"

அது உண்மைதான். அணியின் முட்டாள்தனம் அவனுக்கு நல்லதாக முடிந்திருந்தது. நாடினுக்குச் சந்தோஷமாக இருந்தது. அவன் தொலைபேசியை வைத்ததும் அது கசந்தது. அவள் சொன்ன எழுபது சரியான கணக்கு. வகுப்பில் போட்டாலும் முழு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அது ஓர் எண், அவ்வளவுதான். 'அவனைப் போடுங்கள்' என்ற இரண்டு சொல் அவள் வாயிலிருந்து வரவில்லை. பிரெஸ்டன் நெகிழ்வுக்குப் பின்னால் ஒளிந்தார் என்று மூன்று வாரமாக மனசுக்குள் ஏளனம் செய்துகொண்டிருந்தவள், தான் எழுபதுக்குப் பின்னால் ஒளிந்திருந்ததை இப்போதுதான் பார்த்தாள். அந்த அறையில் எல்லோரும் ஒரே ஜாடைதான்.

நான்கு மணிக்குப் பிரெஸ்டன் அழைத்தார். ஓட்டல் வரவேற்பறையின் பியானோ சத்தம் கூடவே வந்தது.

"நல்ல நாள் நாடின்! நூறு மைல் எறியற பையன். செய்திக் குறிப்புல 'கட்டுவோம்'ங்கறதை முன்னாடி போடலாமா, 'வெல்வோம்'ங்கறதையா? நீ என்ன நினைக்கற?"

"எலியேசரை நாம போட்டிருக்கணும்னு நினைக்கறேன், பிரெஸ்டன்."

"சதவீதமா சொன்னா?" என்றார் அவர்.

"சதவீதம் இல்லை. போட்டிருக்கணும்."

"இந்தக் கருத்தையும் குறிச்சுக்கறேன்" என்றார் பிரெஸ்டன். அவர் எதையும் குறித்துக்கொள்ளவில்லை என்பது தெளிவாகவே கேட்டது. மூன்று வாரம் தாமதமாக வந்த தைரியத்துக்கு அதற்குமேல் மரியாதை கிடைக்காது என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. அவர் அடுத்த வேலையைச் சொன்னார். அவள் கேட்டு எழுதிக்கொண்டாள்.

நாளை காலை ஒன்பதரை மணிக்கு விமான நிலையம் போய் டானர் குவிக்கை அழைத்துக்கொண்டு நேராக மருத்துவப் பரிசோதனைக்குக் கூட்டிப்போக வேண்டும். அவன் பந்தெறியும் தோள்பட்டையை முதலில் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.