இடப்பக்கக் கதவு

அந்தப் பக்கத்தை வாசித்ததும் எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. போதகர் அங்கி மாற்றும் அறையில் தனியாக உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அடுத்த நிமிஷமே அத்தையின், அதாவது என் மாமியாரின், முகம் ஞாபகத்துக்கு வந்து சிரிப்பு நின்றுவிட்டது. நூற்றைம்பதாவது வருஷத்துக்குக் கோயிலின் சரித்திரத்தைப் புத்தகமாகப் போடுவது என்று கமிட்டி முடிவு செய்து, அந்த வேலையை என் தலையில் கட்டியிருந்தார்கள். நான் பத்திரப் பதிவு அலுவலகத்தில் நகல் எழுதுகிறவள். கொக்கியும் சுழியுமாக இருக்கும் பழைய கையெழுத்தை வாசிக்க என்னை விட்டால் எங்கள் சபையில் ஆள் இல்லை. மூன்று மாதமாகச் சனிக்கிழமைதோறும் அங்கே பழைய குறிப்பேடுகளின் தூசியில் தும்மிக்கொண்டிருந்தேன்.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. ஆசீர்வாதம் சொல்லி முடிந்ததும் மணியடிப்பவர் போய் இடப்பக்கக் கதவை அகலத் திறந்து வைப்பார். சபை முழுவதும் எழுந்து, கண்ணை மூடி, ஒரு நிமிஷம் மூச்சுக் காட்டாமல் நிற்கும். பிறகு கதவைச் சாத்துவார். நாங்கள் எல்லாரும் பெரிய வாசல் வழியாக வெளியே போவோம். அந்தக் கதவு வழியாக ஒருவரும் போனது கிடையாது. கர்த்தர் நமக்கு முன்னால் வீதிக்குப் போகிறார், அவருக்கு வழி விடுகிறோம் என்று ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் பத்து வருஷம் அதையே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். வேறு ஊர்க் கோயில்களுக்குப் போகும்போது, ஆராதனை முடிந்த கையோடு ஆட்கள் செருப்பைத் தேடுவதைப் பார்த்தால் எங்களுக்குக் கொஞ்சம் இளக்காரமாகக்கூட இருக்கும்.

கோயில் கட்டி நாலாம் வருஷத்துக் கூட்டக் குறிப்பில் இருந்தது இதுதான். வெள்ளைக்காரக் கர்னலின் மனைவியுடைய வண்டிக் குதிரை கூட்டத்தைக் கண்டால் மிரள்கிறது. ஆகையால் அம்மையார் இடப்பக்கக் கதவு வழியாகப் போய் வண்டி ஏறும்வரை, பின் பெஞ்சுகளில் இருக்கும் உள்ளூர்க்காரர்கள் இருந்த இடத்திலேயே எழுந்து நிற்க வேண்டும். அவரை ஏறிட்டுப் பார்க்காமல் கண்ணைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். கர்னல் குடும்பம் கப்பலேறிப் போயிருக்கும், குதிரையும் செத்திருக்கும். ஆனால் போதும், இனி நிற்க வேண்டாம் என்று ஒருவருக்கும் சொல்லத் தோன்றவில்லை. நின்றவர்களும் சும்மா நிற்பானேன் என்று ஜெபம் பண்ணியிருக்கிறார்கள்.

அத்தைக்கு அது வெறும் வழக்கம் இல்லை. தபால் ஆபீஸில் முத்திரை குத்திக்கொண்டிருந்த இருபது வயதுப் பெண்ணாக அவள் நின்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊரே கண்ணை மூடியிருந்த அந்த நிமிஷத்தில்தான் மாமா முதன்முதலில் அவள் கையைப் பிடித்தார். அதற்கப்புறம் நாற்பத்தேழு வருஷம் ஒரு வாரம்கூட விடாமல் பிடித்தார். அவர் போய் இரண்டு வருஷமாகிறது. இப்போதும் அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் முட்டிவலியோடு கோயிலுக்கு வருகிறாள் என்று எனக்குத் தெரியும்.

போதகரிடம் மறைக்க முடியாது. இளம் வயது, சூடான ரத்தம். குறிப்பைக் கேட்டதும் அவர் முகம் சிவந்துவிட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமையே சபையில் சொல்லி இதை நிறுத்திவிடுகிறேன் என்றார். கொஞ்சம் பொறுக்கலாமே என்று மென்று முழுங்கினேன். “இத்தன வருஷம் நின்னது பத்தாதாம்மா? நம்ம ஜனங்க இன்னும் அந்தம்மாவுக்காக நிக்கணுமா?” என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் என் கஷ்டம்.

மற்றவர்கள் வாயால் அத்தைக்குத் தெரியக்கூடாது என்று அன்று சாயங்காலமே நானே உடைத்துவிட்டேன். குதிரை என்றதும் இருமல் வரும்வரை சிரித்தாள். பிறகு புடவை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நின்றவர்கள் பெயர் எதுவும் எழுதியிருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். குதிரையின் பெயர் மட்டும் இருந்தது.

“எழுதும்மா. எனக்காகப் பாத்து எதையும் விட்டுடாத,” என்றாள். ஆனால் வழக்கமாகக் குடிக்கும் இரண்டாவது காபியை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை போதகர் குறிப்பை வாசித்தபோது கோயில் அமர்க்களப்பட்டது. பாடகர் குழுவில் சிரிப்பை அடக்கமாட்டாமல் ஒருவர் புத்தகத்தைக் கீழே போட்டார். இனிமேல் யாரும் நிற்க வேண்டாம், ஆசீர்வாதம் முடிந்ததும் தாராளமாகப் போகலாம் என்றார் போதகர். ஆசீர்வாதம் முடிந்தது. மணியடிப்பவர் பழக்க தோஷத்தில் போய் இடப்பக்கக் கதவைத் திறந்தார். சபை பழக்க தோஷத்தில் எழுந்து நின்றது. போகலாம், போகலாம் என்று போதகர் கையைக் காட்டுகிறார். ஒருவர் காலும் நகரவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு அசடு வழிய நின்றோம்.

என் பக்கத்தில் நின்ற அத்தை பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடைபாதைக்கு வந்தாள். பெரிய வாசல் பக்கம் போகவில்லை. இடப்பக்கக் கதவை நோக்கி, முட்டிவலியை மறைக்காமல், அவசரமே படாமல் நடந்தாள். இரண்டு நிமிஷம் பிடித்திருக்கும். இந்தத் தடவை ஒருவரும் கண்ணை மூடவில்லை. கைகொடுக்க முன்னால் வந்த மணியடிப்பவரை வேண்டாம் என்று தலையசைத்து நிறுத்தினாள். அவள் எதற்குப் போகிறாள் என்று எனக்கு முன்னால் அவள் மகனுக்குப் புரிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் பெரிய வாசல் வழியாக ஓடினார்.

அத்தை படியில் போய் நிற்கவும் ஸ்கூட்டர் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. பின்னால் பக்கவாட்டில் ஏறி உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். கிளப்பப்போன மகனின் தோளைத் தட்டி, “இருடா, என்ன அவசரம்,” என்றாள். திரும்பி, கதவு வழியாக எங்களை முன் பெஞ்சிலிருந்து பின் பெஞ்சுவரை ஒவ்வொருவராகப் பார்த்தாள். யாரையும் விடவில்லை. பிறகுதான் வண்டி கிளம்பியது. நேரே தெருவுக்குப் போகாமல் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. அதன் சத்தம் ஒவ்வொரு ஜன்னலாக நகர்ந்துபோக, போதகர் உட்பட இருநூறு பேரும் நின்றபடியே தலையை மட்டும் திருப்பிக்கொண்டிருந்தோம்.