எழுபத்திரண்டு கிலோ

வாரத்தில் மூன்று நாள் என் மனைவி என்னைத் தரையில் போட்டு இழுப்பாள். சுங்கை பினாங்கில் எங்கள் ஃபிளாட்டின் ஆறாவது மாடி கோரிடோரில், மாலை ஆறு மணிக்கு, அக்கம்பக்கத்தார் கண்ணெதிரிலேயே. குடும்பத் தகராறு என்று நினைத்து ஒருவர் காவலாளியைக் கூப்பிட்டதும் உண்டு.

காமினி தீயணைப்பு வீராங்கனை. மோட்டார் விபத்தில் முட்டி உடைந்த பிறகு இரண்டு வருடமாக நிலையத்தில் தொலைபேசி எடுக்கும் வேலை பார்த்தாள். முட்டி ஆறியதும், மறுபடி தீயணைப்பு வண்டியில் ஏறியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அதற்கு ஓர் உடற்தகுதிச் சோதனை இருந்தது. எழுபது கிலோ பொம்மையை முப்பது மீட்டர் தூரம் ஒரு நிமிடத்துக்குள் இழுக்க வேண்டும். இரண்டு வாய்ப்பு கொடுப்பார்கள். இரண்டிலும் தவறினால் ஓய்வு பெறும்வரை தொலைபேசிதான்.

"பொம்மைக்கு எங்க போறது?" என்று யோசித்தவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். என் எடை எழுபத்திரண்டு. மாக் மண்டின் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவனைப் படுக்கச் சொன்னால் கசக்குமா? படுத்தேன்.

பின்னாலிருந்து என் அக்குளில் கைவிட்டு, மார்பின் மேல் கோத்துக்கொண்டு, பின்பக்கமாக நடப்பாள். என் குதிகால்கள் தரையில் உரசிக்கொண்டு வரும். முதல் நாள் பாதித் தூரத்தில் என்னைக் கீழே போட்டுவிட்டு முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இரண்டாம் முறை இழுத்தபோது குதிகாலை லேசாக ஊன்றி உந்தினேன். கோரிடோரின் கடைசிவரை போய்விட்டாள். "பாத்தீங்களா!" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு நிறுத்த யாருக்கு மனசு வரும்? எனக்கு வரவில்லை. ஐம்பத்திரண்டு விநாடி, நாற்பத்தொன்பது, நாற்பத்தாறு என்று நேரம் குறைந்துகொண்டே வந்தது. இரண்டு மாதத்தில் என் தொடைதான் உருண்டு திரண்டது.

சோதனையில் பொம்மை பத்தொன்பதாவது மீட்டரில் நின்றுவிட்டது.

சீருடையோடு வந்து நாற்காலியில் விழுந்தாள். "எழுபதுதாங்க. நானே தராசுல போட்டுப் பாத்தேன். உங்கள விட ரெண்டு கிலோ கம்மி. ஏன் நகரல?"

"டென்ஷன்லா," என்றேன் வெட்கமில்லாமல்.

அன்று மாலை பக்கத்து வீட்டு ஹாஜரா அக்கா பலகாரத் தட்டோடு தேற்ற வந்தார். காமினியைச் சிரிக்கவைப்பதற்காக, எங்கள் பயிற்சியைத் தம் கைபேசியில் எடுத்து வைத்திருந்த வீடியோவைக் காட்டினார். அதில் என் முழங்கால்கள் தவளை நீந்துவதுபோல மடங்கி மடங்கி நிமிர்ந்தன. அக்கா மட்டும் சிரித்தார். காமினி இரண்டு முறை பார்த்துவிட்டுக் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள்.

அவர் போன பிறகு கேட்டாள். "எத்தன நாளா?"

"மொத நாள்லேருந்து. நீ அழுத. எனக்குத் தாங்கல."

"பொகைக்குள்ள ஒருத்தன் மயங்கிக் கெடப்பான். அவன் கால ஊனித் தள்ளுவானா? நான் பாதியில விட்டா அவன் செத்துருவான். அவன் பொண்டாட்டி கீழ நின்னு பாத்துக்கிட்டு இருப்பா."

கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மெதுவாகச் சொன்னாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் வேலையை நான் கோரிடோர் வேடிக்கையாக நினைத்துவிட்டது அப்போதுதான் உறைத்தது.

இரண்டாம் வாய்ப்புக்கு ஏழு வாரம் இருந்தது. மறுநாள் என் இரண்டு கணுக்கால்களையும் துண்டால் சேர்த்துக் கட்டினாள். நான்காவது வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் மூச்சு என் காதருகே கேட்டது. கட்டுக்குள் என் கால் துடித்தது. அசையாமல் கிடந்தேன். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அவளுக்காக நான் செய்த கடினமான காரியம் அதுதான்.

காலையில் பத்துக் கிலோ அரிசிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆறு மாடியும் ஏறி இறங்கினாள். மாலையில் என்னை இழுத்தாள். ஐந்தாவது வாசல், ஏழாவது வாசல். சில நாள் அழுதாள். அப்போது நான் கூரை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது சோதனையில் ஐம்பத்தேழு விநாடி. வண்டியில் ஏறிவிட்டாள்.

மூன்று மாதம் கழித்து, ஒரு மத்தியானம் டத்தோ கிராமாட்டில் ஒரு வீடு பற்றிக்கொண்டது. மாடி அறையில் மயங்கிக் கிடந்தவரைக் காமினி இழுத்துக்கொண்டு வந்தாள். ஆள் பிழைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தபோது அவள் தலைமுடியில் இன்னும் புகை வாசம். இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

"ஆளு எவ்ளோ வெயிட்டு இருப்பாரு?" என்று கேட்டேன்.

"தொண்ணூறு இருக்கும்." வாயில் சோற்றோடு சொன்னாள். "மனுசன் ஒரு இஞ்சுகூட ஒத்தாச பண்ணல."

என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

மறுநாள் மாலை ஆறு மணிக்கு அவள் வெளியே வந்தபோது, நான் கணுக்கால்களை நானே கட்டிக்கொண்டு கோரிடோரில் படுத்திருந்தேன். வயிற்றின் மேல் இரண்டு பத்துக் கிலோ அரிசிப் பைகளை வைத்துக் கட்டியிருந்தேன்.